யோகாக்காவின் செவ்வாய்க்கிழமை

கடைசி ஆளையும் ஏற்றிக் கதவை இழுத்துச் சாத்திய பிறகு, யோகாக்கா வேனுக்குப் பின்னால் போவார். டயரைப் பார்க்கத்தான் போகிறார் என்று முதல் வாரம் முழுக்க நினைத்திருந்தேன். டயரையும் பார்ப்பார்தான். வலது காலால் இரண்டு தட்டு. பிறகு பின்கதவைப் பாதி திறந்து, ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்திருக்கும் எவர்சில்வர் குடுவையை எடுப்பார். கண்ணாடி வழியே தலை தெரியாதபடி முழங்காலை மடக்கிக் குனிந்துகொள்வார். நம் ஆட்கள் செய்வதுபோல அண்ணாந்து ஊற்றிக்கொள்ள மாட்டார். அதில் சத்தம் வரும். உதட்டை வைத்து, தொண்டை அசைவதுகூடக் கேட்காமல் ஒரே மூச்சில் குடித்து முடிப்பார். தோளில் கிடக்கும் துண்டால் வாயை ஒருமுறை துடைப்பார். முகவாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை. அதன் பிறகுதான் முன்னால் வந்து உட்கார்ந்து சாவியைத் திருகுவார்.

தண்ணீரை ஏன் ஒளிந்து குடிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. சட்டென்று எதையும் கேட்டுவிடுகிற ஆள் இல்லை நான். இரண்டாவது வாரம் அதுவாகவே தெரிந்தது. அன்று வேனில் ஏசி கோளாறு. கோத்தா திங்கிக்குப் பாதி வழியில் எனக்குத் தாகம் எடுத்தது. பையிலிருந்த போத்தலைத் திறந்து குடித்தேன். பின்னாலிருந்த பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால், நான்கு பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபம் எதுவும் இல்லை. கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்கள் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

“நல்லா குளுகுளுன்னு இருக்கா தம்பி?” என்றார் காளியப்பன்.

நான் மூடியைத் திருகிவிட்டேன்.

“குடிங்க, குடிங்க. எனக்குத் தண்ணியும் எம் பொண்டாட்டியும் ஒண்ணு. பார்க்கலாம், பக்கத்துல வச்சிக்கலாம், அதுக்கு மேல ஆசைப்பட்டா டாக்டரு திட்டுவாரு.”

வேன் முழுக்கச் சிரிப்பு. யோகாக்கா சிரிக்கவில்லை, கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு அந்த வேனில் நான் போத்தலைத் திறந்ததில்லை.

அந்த நால்வருக்கும் சிறுநீரகம் நின்றுபோய் ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் கோத்தா திங்கிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர், சாப்பாட்டில் இருக்கும் குழம்பு உட்பட. காளியப்பன் தன் போத்தலில் நான்கு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தார், காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகும்போது என்று. ஒவ்வொரு பேண்டுக்கும் கீழே தண்ணீர் இறங்குவதை அவர் கவனிப்பதுபோல யாரும் கடிகாரத்தைக் கவனித்து நான் பார்த்ததில்லை.

வேன் அழகம்மை அறக்கட்டளையுடையது. நான் அதன் அலுவலகத்தில் குமாஸ்தா. வேனில் உதவிக்குப் போகும் பெண் பிரசவ விடுப்பில் இருந்ததால் மூன்று மாதத்துக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். ஜொகூரில் செடிலிப் பக்கம் கடலோரக் கம்பங்களில், அந்த மீனவக் கிராமங்களில், இந்த அறக்கட்டளையைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் வேனில் பெயர் எழுதியிருக்காது. வெறும் வெள்ளை, நடுவில் ஒரு நீலக்கோடு. பெயர் எழுதினால் ஏறுகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று உலகப்பன் சொல்லிவிட்டாராம்.

உலகப்பன் அங்கே மீனவர்களுக்கு வலையும் கயிறும் விற்ற கடைக்காரர். அவருடைய மனைவி அழகம்மைக்கும் இதே நோய். இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் வெள்ளம் வந்து ரோடு அறுந்தபோது, அவரை ஐந்து நாள் மெஷினுக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஆறாம் நாள் ரோடு திறந்தது, அதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு பிள்ளைகள் தியாகராஜனும் நர்மதாவும் அப்பாவோடு சேர்ந்து இந்த வேனை விட்டார்கள். பிறகுதான் கம்பத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, வலை பின்னும் கிழவர்களுக்கு மூக்குக் கண்ணாடி எல்லாம் வந்தன. வேனுக்கு ஒரே சட்டம்: முச்சந்தியில் நிற்கக் கூடாது, வாசல்வரை போக வேண்டும்.

அந்தச் சட்டத்தை யோகாக்கா இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தார். அவர் வாசலில் ஹாரன் அடிப்பதில்லை. இறங்கிப்போய்க் கூப்பிடுவார். முழுப்பெயர் யோகேஸ்வரி, வயது ஐம்பத்தாறு. குள்ளமான உருவம், ஸ்டியரிங்குக்கு எட்ட முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. பிறந்தது கடலுக்கும் கோத்தா திங்கிக்கும் நடுவிலிருந்த ஒரு தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீட்டில். அப்பா எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டினார், அம்மா உரம் போட்டார். இவர் குலை ஏற்றும் லோரியில் கிளீனராகப் போய், லோரிக்காரர் தூங்கும்போது ஓட்டிப் பழகி, இருபத்தொன்பதாவது வயதில் பஸ் லைசென்ஸ் எடுத்தார். தெப்ராவில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸைப் பதினேழு வருடம் ஓட்டினார். தொழிற்சாலை மூடப்பட்டதும் ஊருக்குத் திரும்பி இந்த வேனில் ஏறினார். கணவர் இல்லை. ஒரே மகள் லோஷினி தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள்.

இதையெல்லாம் அவர் சொல்லி நான் கேட்கவில்லை. பின்சீட்டில் பேசிக்கொண்டார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். “தம்பி வாயத் தொறக்க மாட்டாரு. உள்ளுக்குள்ள எழுதிக்கிட்டு வராரு” என்பார் காளியப்பன்.

போன டிசம்பரில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. ஞாயிறு விடவில்லை. திங்கள் விடவில்லை. செவ்வாய் விடிகாலை ஐந்தரைக்கு நான்கு பேரையும் ஏற்றினோம். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். மெஷின் இல்லாமல் மூன்று நாள் ஆகிவிடும். காளியப்பன் ஏறும்போதே படியில் நின்று மூச்சு வாங்கினார். புஷ்பவள்ளி செருப்புப் போடவில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்று கையில் எடுத்துவந்தார். பாக் ஹம்சா, பழைய மீன்பிடிக்காரர், வழக்கம்போல ஜன்னல் ஓரம். மேடம் லியூ வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. யோகாக்கா பின்னால் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

இருபது நிமிடம் போயிருப்போம். பாலத்துக்கு முன்னால் போலீஸ் ஜீப் குறுக்கே நின்றது. அதற்கு அப்பால் ரோடு இல்லை. பழுப்பு நிறத்தில் தண்ணீர், அதன் மேல் ஒரு சைன்போர்டின் தலை மட்டும் தெரிந்தது.

“தாக் போலே லா, காக்” என்றார் போலீஸ்காரர். போக முடியாது அக்கா என்று கையையும் ஆட்டினார்.

யோகாக்கா வேனை ஓரங்கட்டி நர்மதாவுக்குப் போன் போட்டார். நர்மதா ஜொகூர் பாருவில் வக்கீல். அறக்கட்டளையை இப்போது நடத்துவது அவர்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“நர்மதாம்மா, ரோடு முங்கிருச்சு.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“எந்த இடத்துலக்கா?”

“பாலத்துக்கு இந்தப் பக்கம்.”

“அம்மாவுக்கும் அதே எடம்தான்” என்றார் நர்மதா. பிறகு, “நீங்க திரும்பிருங்க. நான் போட்டுக்குக் கேட்டுப் பாக்கறேன்.”

“போட்டு எப்ப வரும்?”

“தெரியலக்கா.”

“அப்ப போட்டு வேணாம். நீங்க நாலு மெஷின் கேளுங்க. கோத்தா திங்கில இல்ல, தெப்ராவ்ல. நான் கொண்டாந்து சேத்துர்றேன்.”

“எந்த ரோட்டுல வருவீங்க?”

“தோட்டத்துக்குள்ள பூந்து டெசாரு ரோட்டுல ஏறிடுவேன். மெஷின் கெடைக்கலன்னு மட்டும் சொல்லிறாதீங்க.”

போனை வைத்துவிட்டுப் பின்னால் திரும்பினார். “என்னாண்ணே, நம்ம தோட்டத்த ஒரு சுத்து சுத்திப் பாப்பமா?”

காளியப்பன் தலையை மட்டும் அசைத்தார். சாய முடியாமல் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வேனில் ஏறிய நாளிலிருந்து அவர் ஒரு பேச்சுக்குப் பதில் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

தோட்டத்துக் கேட் பூட்டியிருந்தது. காவலுக்கு இருந்த ஜாகா ஒரு நேப்பாளி இளைஞன். குடையோடு வந்து மேனேஜர் கடிதம் கேட்டான். யோகாக்கா வாதாடவில்லை, கெஞ்சவும் இல்லை. இறங்கிப்போய் வேனின் பக்கக் கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவன் எட்டிப் பார்த்தான். புஷ்பவள்ளியின் கால்களைப் பார்த்தான், காளியப்பனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தான். சாவியைத் தேடினான்.

உள்ளே போனால் எல்லாப் பக்கமும் ஒரே காட்சி. செம்பனை, செம்மண் ரோடு, வாய்க்கால், மறுபடி செம்பனை. போன் மேப்பில் வெறும் பச்சை. வாய்க்கால் எல்லாம் நிறைந்து ரோட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. யோகாக்கா எதையோ தேடித் தேடி ஓட்டினார். என்னவென்று பிறகு புரிந்தது. தோட்டத்தைப் பிரித்த ஒவ்வொரு காட்டின் மூலையிலும் நட்டிருந்த சின்ன நம்பர் பலகை.

“பன்னெண்டு” என்றார். “நல்லது.” அடுத்த முனையில் பத்தொன்பதையும் பதினொன்றையும் பார்த்துப் பதினொன்று பக்கம் திருப்பினார்.

நான் அவரையே பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “வெள்ளக்காரன் கித்தா, ரப்பரு மரம், போட வந்தப்ப மேட்டுக் காட்டத்தான் மொதல்ல வெட்டினான், தம்பி. மேடு தீந்த பெறகுதான் பள்ளத்துக்கு எறங்குனான். வெட்ட வெட்ட நம்பரு. அப்புறம் கித்தாவச் சாச்சிட்டு செம்பனை வச்சாங்க, நம்பர மாத்தல. கொறஞ்ச நம்பரு மேடு. கூடுன நம்பரு தண்ணி.”

நூறு வருடத்துக்கு முந்தைய கோடாலிகள் விழுந்த வரிசையை வைத்து அவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பெரிய நம்பர் காடுகள் ஏரிபோலக் கிடந்தன. மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. நாங்கள் சின்ன நம்பர்களின் முதுகில், ஈர மண்ணில், சக்கரம் நனைந்தும் முங்காமலும் போய்க்கொண்டிருந்தோம். நான் பலகைகளை எண்ணினேன். பதினொன்று. பத்து. ஒன்பது.

ஒன்பதில் ரோடு இறங்கியது.

முதலில் சக்கரத்தின் சத்தம் மாறியது. பிறகு கதவின் அடியில் தண்ணீர் மோதியது. யோகாக்கா பிரேக்கை அழுத்தி, பக்கத்திலிருந்த பலகையை உற்றுப் பார்த்தார்.

“பெயிண்டு புதுசு” என்றார். “இந்தப் பக்கம் நம்பர மாத்திட்டானுங்க. தப்பு என்னுது.”

திருப்ப இடமில்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால், எது ரோடு எது வாய்க்கால் என்று தெரியவில்லை. என்னை இறங்கி வேனுக்குப் பின்னால் ரோட்டின் நடுவில் நடக்கச் சொன்னார். முழங்கால் தண்ணீரில் நான் காலால் தடவித் தடவி நடந்தேன். அவர் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, மழை முகத்தில் அடிக்க, என் முதுகைப் பார்த்தே முந்நூறு மீட்டர் ரிவர்ஸில் வந்தார். ஒருமுறைகூடச் சத்தம் போடவில்லை. நான் ஒதுங்கினால் ஒதுங்கினார், நின்றால் நின்றார்.

மேட்டுக்கு வந்ததும் இஞ்சினை அணைக்காமல் பின்னால் போனார். தண்ணீர் குடிக்க அல்ல. காளியப்பன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். காளியப்பன் அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் மண்டோராக இருந்தவர். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு, எந்தக் காட்டுக்கு யார் என்று அனுப்பியவர்.

“அண்ணே, பேச வேணாம். கைய மட்டும் காட்டுங்க. பழைய பெரட்டுக் களம் எந்தப் பக்கம்?”

காளியப்பன் கண்ணை மூடினார். உதடு நீலமாக இருந்தது. இடது கையை மெல்லத் தூக்கி, நாங்கள் போகாத பக்கம் காட்டினார்.

“களத்துலருந்து டெசாரு ரோட்டுக்கு லோரி போன வழி?”

ஐந்து விரலை விரித்தார். மடக்கினார். இரண்டு விரலை நீட்டினார்.

“ஏழாம் நம்பர் காடு” என்றார் யோகாக்கா. “எங்கப்பா வெட்டுன காடு.”

இடது பக்கம் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் புல் மண்டிய ஒரு திடல், ஓரத்தில் உடைந்த சிமெண்டு மேடை. அதைத் தாண்டியதும் ரோட்டில் பழுத்த செம்பனைப் பழங்கள் ஆரஞ்சு நிறத்தில் நசுங்கிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் யோகாக்காவின் தோள் இறங்கியது. பாரம் ஏற்றிய லோரி நேற்றோ முந்தாநாளோ போன தடம். லோரியைத் தாங்கிய மண் வேனைத் தாங்கும். பழங்களைப் பின்பற்றிக்கொண்டே போனோம். கால் மணி நேரத்தில் டயருக்கு அடியில் தார்ச்சாலை வந்தது. பாக் ஹம்சா சன்னமாக “அல்ஹம்துலில்லா” என்றார். புஷ்பவள்ளி “முருகா” என்றார். மேடம் லியூ முன்னால் சாய்ந்து, யோகாக்காவின் தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டார்.

தெப்ராவ் டயலிசிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது பத்தரை மணி. நர்மதா கெஞ்சி வாங்கியது அப்போதைக்கு இரண்டு மெஷின். மற்ற இரண்டு மூன்று மணிக்குத்தான். காளியப்பனை வீல்சேரில் ஓட்டமாகக் கொண்டுபோனார்கள். இன்னொரு இடம் யாருக்கு என்று தாதி கேட்டாள். பாக் ஹம்சா புஷ்பவள்ளியைக் காட்டி, “டியா டுலு லா” என்றார், அவர் முதலில் போகட்டும் என்று. புஷ்பவள்ளி மறுக்கப் பார்த்தார். “கடலில் நான் இதைவிட அதிகம் காத்திருக்கிறேன்” என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

பாக் ஹம்சாவுக்கும் மேடம் லியூவுக்கும் நடுவில் யோகாக்கா உட்கார்ந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரு தாதி தட்டில் தேநீரும் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

“வேணாம்மா. இப்பதான் குடிச்சேன்.”

விடிகாலைக் குடுவைக்குப் பிறகு அவர் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் வேண்டாம் என்றேன். ஆனால் ஒரு மணிக்கு என்னால் முடியவில்லை. கழிவறைக்குப் போவதுபோலப் போய்க் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டு வந்தேன். அவர் அசையவில்லை. மேடம் லியூவின் உதடு வெடித்திருப்பதைப் பார்த்து, ஒரு துணியை நனைத்து, பிழிந்து, ஒற்றிவிட்டார். மூன்று மணிவரை அப்படித்தான். அதற்குள் மெஷினை முடித்துக்கொண்டு மற்ற இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். பாக் ஹம்சாவும் மேடம் லியூவும் உள்ளே போனார்கள். ஆக, அவர் முன்னால் தாகத்தோடு இருக்கிற யாராவது இரண்டு பேர் நாள் முழுக்க இருந்துகொண்டே இருந்தார்கள்.

வெளியே வந்த காளியப்பனின் உதடு பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. வாயும் திரும்பியிருந்தது.

“ஏழு வெரல்ல ரோடு காட்டியிருக்கேன், லா. நாளையிலருந்து முன் சீட்டு எனக்குத்தான். தம்பி பின்னால போகட்டும்.”

“வேனுக்குப் பின்னாலயா அண்ணே? அவரு நல்லாத்தான் நடக்குறாரு” என்றார் யோகாக்கா.

இரவு எட்டு மணிக்கு நர்மதா எல்லோரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். உப்புப் போடாத சோறும் கறியும் தயாராக இருந்தன. வாசலில் குடையைப் பிடித்தபடியே அவர் யோகாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா போன அன்னிக்கு எங்க வீட்டுல மூணு காரு நின்னுச்சுக்கா” என்றார்.

“காரு என்னாம்மா செய்யும்? காடு தெரிஞ்ச ஆளு யாரும் பக்கத்துல இல்ல, அவ்வளவுதான்.”

நோயாளிகள் கூடத்தில் உட்கார்ந்த பிறகு யோகாக்கா சமையலறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார். அங்கே வெளிக்குழாய் ஒன்று இருந்தது. குனிந்து, கையைக் குவித்து, சத்தமில்லாமல் வெகுநேரம் குடித்தார். துண்டால் வாயை இரண்டு முறை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

மார்ச் மாதம் அவர் முதல்முறையாக விடுப்புக் கேட்டார், நான்கு நாள். மருத்துவச் சான்றிதழை அலுவலகத்துக்கு எடுத்துவந்தது லோஷினி. “அம்மாவ ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்கண்ணா. கல்லு உடைச்சு எடுத்தாங்க. இது மூணாவது தடவ. முன்ன ரெண்டும் வேன் இல்லாத நாளா பாத்துப் போனாங்க” என்று சொல்லிவிட்டு, சான்றிதழோடு ஒரு பழைய கிளினிக் அட்டையையும் மேசையில் வைத்தாள். பதிவு செய்வதற்காக அட்டையைப் பிரித்தேன். சிறுநீரகத்தில் கல். பகலில் மணிக்கு ஒரு குவளை வீதம், தினமும் மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். தேதி, யோகாக்கா வேனில் வேலைக்குச் சேர்ந்த அதே வருடம்.